"அம்மா, காம்ப்புக்குப் போகட்டுமா?"

ஜூலை, ஆகஸ்டு வந்துவிட்டால் போதும், ஹைஸ்கூல் பெண் இருக்கிற வீடுகளுக்கு ஒரு சீட்டு வந்து சேரும். சாயங்காலம் புத்தகப் பையைத் தொப்பென்று போட்ட கையோடு, நாலாக மடித்த காகிதம் ஒன்றை நீட்டுவாள். "அம்மா, இதிலே கையெழுத்துப் போடேன். நாளைக்கே கொடுக்கணுமாம்!" விளையாட்டுப் போட்டியாக இருக்கும், சாரணியர் முகாமாக இருக்கும், என்.சி.சி. காம்ப்பாக இருக்கும், கலைத் திருவிழாவாகவும் இருக்கலாம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அவசரத்தில் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை மணிக்குத் திரும்பி வருவே?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். ஒரு பெண்கள் பள்ளியில் பல வருஷங்கள் கைடு காப்டனாக இருந்து, விளையாட்டுக் கோஷ்டிகளுக்கும் துணையாக ஊர் ஊராகப் போய் வந்தவள் நான். வகுப்புக்குள் பெண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு வழக்கம் இருக்கிறது. மணி அடித்தால் உட்கார வேண்டும், டீச்சர் வந்தால் எழுந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி பஸ் ஏறிவிட்டால் மணி கிடையாது, பெஞ்சு கிடையாது. அப்போது அவள் கையோடு எடுத்துப் போகிற பழக்கம்தான் அவளுக்குத் துணை. அதில் பாதியைப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கும். பாதியை நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

இந்த இயக்கங்கள் ஒன்றும் நேற்று முளைத்தவை அல்ல. என்.சி.சி. 1948-ல் சட்டப்படி ஏற்பட்டது. மறு வருஷமே பெண்களுக்கும் பிரிவு வந்துவிட்டது. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பது 1980 முதல் அதன் கொள்கை வாசகம். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-ல் உருவாகி, 1951-ல் சாரணியர் அமைப்பும் அதோடு சேர்ந்தது. 1969-ல், காந்தி நூற்றாண்டு வருஷத்தில், கல்லூரிகளுக்காக ஆரம்பித்த நாட்டு நலப்பணித் திட்டம் பிற்பாடு பிளஸ் டூ மாணவர்களுக்கும் வந்தது. இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா 2022-லிருந்து நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விதிமுறை உண்டு. சாரணர்களின் சட்டத்தில் இப்போது ஒன்பது அம்சங்கள்: நம்பிக்கை, மரியாதை, கட்டுப்பாடு, துணிவு, சிக்கனம் எல்லாம் அதில் அடக்கம். பெண்கள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிடுவார்கள். ஒப்பிப்பதில் என்ன இருக்கிறது? மைதானத்தில் வெயிலில் நிற்கும்போது அல்லவா தெரியும்!

முதலில் நகை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் தாய்மார்களோடு எனக்குச் சண்டை இதில்தான்.

"வெறும் கழுத்தோட எப்படி டீச்சர் அனுப்பறது? நாலு பேர் பார்க்கிற இடமாச்சே!"

"நாலு பேர் பார்க்கிறதுக்கு அனுப்பலேம்மா. கபடி ஆடறதுக்கு அனுப்பறோம்."

கபடியில் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது, நகை எதுவும் கூடாது என்பது ஆட்ட விதி. நடுவர் கையைத் திருப்பிப் பார்ப்பார். காரணம் இல்லாமலா? எதிராளியின் கண்ணாடி வளையல் உடைந்து ஒரு பெண்ணின் முன்கையில் மூன்று தையல் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். தொங்கட்டான் மாட்டிக் காது கிழிந்ததையும் பார்த்திருக்கிறேன். போட்டிக்குப் போகிற அன்று காலையில், "குளிர்ச்சியா இருக்கும்டி" என்று தலை, கை, கால் எல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து அனுப்பிய ஒரு பாட்டியையும் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய பிறகுதான் ஆட விட்டார்கள்! நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அங்கே போய்க் கழற்றினால் டீச்சரின் கைப்பைதான் லாக்கர். தொலைந்தால் யார் பொறுப்பு என்று பேச்சு வரும்.

அடுத்தது தண்ணீர். இது நடத்தை விதியா என்று கேட்பீர்கள். ஆமாம், என்னைக் கேட்டால் முதல் விதி. அணிவகுப்பில் பெண்கள் மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். "பாவம், வெயில்" என்போம். வெயில் பாதி, வெறும் வயிறு பாதி. முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிடும். கால் விரல்களை ஷூவுக்குள்ளேயே மெல்ல அசைத்துக்கொண்டிருக்க வேண்டும், முழங்காலைச் சற்றுத் தளர்த்தி நிற்க வேண்டும். கண் இருட்டினால் வெட்கப்படாமல் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். "வரிசை கலைஞ்சுடும், டீச்சர் திட்டுவாங்க" என்று பல்லைக் கடித்து நிற்பதில் கெட்டிக்காரத்தனம் இல்லை.

தண்ணீர் குடிக்காமலே இருக்கிற பெண்கள் ஏராளம். ஏன் தெரியுமா? போகிற இடத்தில் கக்கூஸ் சுத்தமாக இருக்காதே என்ற பயம். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ராத்திரி எட்டு மணி வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். மறுநாள் நீர்க்கடுப்பு, எரிச்சல், ஜுரம். "விளையாடினதாலே வந்தது" என்று பழி விளையாட்டின் மேல் விழும். போய் இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே என்று டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பது மரியாதை அல்ல. ஒரு சோப்புத் துண்டு, கைக்குட்டை, சின்ன மக் ஒன்று பையில் இருந்தால் தேவலை.

மாதவிலக்கு சமயத்தில் காம்ப் வந்தால் போக வேண்டாம் என்று நிறுத்திவிடுகிற வீடுகள் இப்போதும் இருக்கின்றன. அவசியமே இல்லை. வலி அதிகமில்லை என்றால் ஓடலாம், ஆடலாம், கூடாரத்தில் தூங்கலாம். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக நாப்கின், சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள், மாற்று உடை, இவை போதும். காப்டனிடம் காதோடு ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும். ஆஸ்துமா, வலிப்பு, குறிப்பிட்ட மருந்து ஒத்துக்கொள்ளாமை போன்றவை இருந்தால் வாயால் சொல்லி அனுப்பாதீர்கள்; எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வெளியூரில் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது முன்னாலேயே உண்டா இல்லையா என்று தெரியாமல் தவிப்பது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்று எங்களைக் கேளுங்கள்.

இனி, எனக்கு மனசிலேயே நின்றுபோன ஒரு விஷயம். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பெண்கள் கோ-கோ கோஷ்டி ஜில்லாப் போட்டிக்கு வந்திருந்தது. ஒன்பது பேர் ஆட வேண்டிய ஆட்டம். நன்றாக ஓடுகிற பெண் ஒருத்திக்குப் போட்டிக்கு முதல் நாள் கடும் ஜுரம். கோஷ்டித் தலைவி என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அவளோட அக்கா இருக்கா. போன வருஷம்தான் பிளஸ் டூ முடிச்சா. பார்க்கவும் அவளை மாதிரியே இருப்பா. சீருடை போட்டா யாருக்கும் தெரியாது."

பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. படம் ஒட்டி, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட தகுதிச் சான்று கொண்டு போக வேண்டும். ஆள் மாறாட்டம் தெரிந்தால் அந்தக் கோஷ்டியே நீக்கப்படும். அந்தப் பெண் இதெல்லாம் தெரியாமல் கேட்கவில்லை. "எதிர் ஸ்கூல்லேயும் இப்படித்தான் பண்றாங்க டீச்சர்" என்றாள். செய்திருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் முடியாது என்றேன். ஜுரக்காரிக்குப் பதில், ஆட்டம் நன்றாகப் பழகாத ஒன்பதாம் வகுப்புப் பெண் இறங்கினாள். தோற்றோம். பஸ்ஸில் ஒருத்தி விடாமல் அழுதுகொண்டே வந்தார்கள்.

மறுநாள் தலைவியின் தாயார் பள்ளிக்கூட வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு சர்டிபிகேட் கிடைச்சிருந்தா காலேஜ் சீட்டுக்கு ஆகியிருக்கும். உங்க நேர்மையாலே எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்ன லாபம் டீச்சரம்மா?" அவர் கோபம் எனக்குப் புரிந்தது. வீட்டு வேலைகள் செய்து பெண்ணைப் படிக்க வைக்கிறவர். விளையாட்டு இட ஒதுக்கீடு அவருக்கு விளையாட்டு அல்ல. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பதினாறு வயதில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே, பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று! அதற்காகவாவது நான் அப்படித்தான் செய்தாக வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தத் தாயார் இன்னமும் என்னோடு பேசுவதில்லை.

தோற்றால் அழட்டும், அதில் தப்பில்லை. நடுவரைத் திட்டக் கூடாது. ஆட்சேபணை இருந்தால் தலைவி ஒருத்திதான் பேச வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கலை நிகழ்ச்சிகளிலும் இதேதான். மேடையில் நம் பெண்ணுக்கு முன்னால் ஆடியவள் தடுக்கி விழுந்தால், திரைக்குப் பின்னாலிருந்து கிளுக்கென்று சிரிக்கிறார்களே, அதைவிட அநாகரிகம் வேறில்லை. ஆனால் இதில் தாய்மார்களுக்கும் பங்குண்டு. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, "ஜட்ஜு அவங்களுக்குச் சொந்தக்காரராம்" என்று நாம் பேசினால் பெண் வேறு எதைக் கற்றுக்கொள்வாள்?

பலகார டப்பா, பணம், செல்போன் இந்த மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். முகாமில் முறுக்கு டப்பாவைத் திறந்தால் அது பொது. பங்கு போட மனசில்லை என்றால் கொண்டு வரவே வேண்டாம். மற்றவர்கள் கையில் ஐம்பது ரூபாய் இருக்கும்போது நம் பெண் கையில் ஐந்நூறு கொடுத்து அனுப்பாதீர்கள். செல்போன் பல இடங்களில் அனுமதி இல்லை. டீச்சரின் எண் உங்களிடம் இருந்தால் போதும். அனுமதி உண்டென்றால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: உடை மாற்றுகிற அறையிலும் தூங்குகிற இடத்திலும் காமிராவைத் திறக்கவே கூடாது, சிநேகிதியை விளையாட்டுக்குக்கூடப் படம் எடுக்கக் கூடாது.

இப்போது கொஞ்சம் கனமான விஷயத்துக்கு வருகிறேன். நாமெல்லாம் பெண்ணை அனுப்பும்போது சொல்கிற வாக்கியம் ஒன்று இருக்கிறது. "டீச்சர் சொன்னபடி கேட்டு நட." இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டிய காலம் வந்துவிட்டது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. அங்கே தங்கியிருந்த ஒரு சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். விசாரித்தால், அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. பயிற்சியாளர் என்று வந்தவர் போலி. விஷயத்தை மறைக்கப் பார்த்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். சீட்டில் கையெழுத்துப் போட்ட பெற்றோருக்கு அது நிஜமான காம்ப் இல்லை என்று எப்படித் தெரியும்? காக்கி உடுப்பைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆகவே கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. என்.சி.சி. இருக்கிற பள்ளி ஏதாவது ஒரு பட்டாலியனோடு சேர்க்கப்பட்டிருக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருப்பார். முகாம் என்றால் பட்டாலியன் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கும். "அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?" என்று தலைமையாசிரியரைக் கேட்கலாம். ராத்திரி பெண்களோடு தங்கப்போகிற ஆசிரியை யார், பெயர் என்ன, அவர் அதே கூடத்தில் தூங்குவாரா, பக்கத்துக் கட்டடத்திலா? இதையும் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் காப்டனாக இருந்த காலத்தில் இப்படிக் கேட்கிற தாயார் வந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெண்ணிடம் என்ன சொல்வது? பயமுறுத்தக் கூடாது. கட்டுப்பாட்டு விதிகளைச் சொல்கிற அதே சகஜக் குரலில் இதையும் சொல்ல வேண்டும். ராத்திரி கழிப்பறைக்குப் போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும். எங்கே போனாலும் காப்டனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எந்தப் பெரியவர் கூப்பிட்டாலும், அவர் பயிற்சியாளரே ஆனாலும், தனி அறைக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை; சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போகலாம். "வீட்டிலே சொல்லாதே" என்று யாராவது சொன்னால், அது விதியே அல்ல. அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும். 2012-ல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லாப் பிள்ளைகளையும் காக்கிறது. நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பவர்களுக்கும் அதில் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. இந்த நாலு இலக்கத்தைச் சீட்டில் எழுதி நோட்டில் ஒட்டுவதைவிட மனப்பாடம் செய்ய வைப்பது நல்லது.

என் சிநேகிதி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தா, பெரியவங்க கிட்டே மரியாதை போயிடாதா?" என்றாள். போகாது. வரிசையில் நில் என்றால் நிற்க வேண்டும், விளக்கை அணை என்றால் அணைக்க வேண்டும். அதற்கெல்லாம் கீழ்ப்படிகிற பெண்ணே தன் உடம்புக்கு ஆபத்து என்றால் மாட்டேன் என்று சொல்லட்டும். இரண்டும் ஒரே பெண்ணுக்குள் இருக்க முடியும். எங்கள் முகாம்களில் நன்றாகச் சட்டம் பேசிய பெண்கள்தான் காலையில் முதல் ஆளாகக் கொடியேற்றத்துக்கு வந்து நின்றார்கள்.

இன்னொன்று ஆறு, குளம். 2023 பிப்ரவரி 15 அன்று புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி மாணவிகள் கால்பந்துப் போட்டிக்காக வெளியூர் வந்தார்கள். வந்த இடத்தில் கரூர் மாவட்டம் மாயனூர் அருகே காவிரியில் குளிக்க இறங்கினார்கள். நாலு பெண்கள் மூழ்கிப் போனார்கள். பந்து விளையாட வந்த குழந்தைகள்! செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி நடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்திருக்கும்; உடம்பெல்லாம் வேர்வை, புழுதி. பஸ் ஜன்னல் வழியாக ஆறு தெரியும். "சார், சார், அஞ்சே நிமிஷம் சார்!" என்று இருபது குரல் ஒரே நேரத்தில் கெஞ்சும். கரையில் முழங்கால் ஆழம்தான் தெரியும். இரண்டடி தள்ளி மணல் அள்ளிய குழி இருக்கும். கதவணையில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் திடீரென்று ஏறும். ஒருத்தி வழுக்கினால் பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடிப்பாள், அவள் கையை இன்னொருத்தி. நீச்சல் தெரியாதவர்கள் கூட்டமாகப் போவது இப்படித்தான்.

எனவே என் யோசனை இது. சம்மதச் சீட்டில் கையெழுத்துக்கு மேலே நீங்களே உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள்: 'என் மகளை ஆறு, குளம், கடல், அருவி எதிலும் இறக்க எனக்குச் சம்மதம் இல்லை.' அச்சடித்த சீட்டில் இப்படி எழுதலாமா என்று தயங்காதீர்கள். கெஞ்சுகிற இருபது பேருக்கு நடுவே நிற்கிற ஆசிரியருக்கு அந்த வரி ஒரு பிடிமானம். "உங்க அம்மாமாரே எழுதிக் கொடுத்திருக்காங்க, என்னாலே முடியாது" என்று அவர் சொல்லிவிடலாம். பெண்ணிடமும் தனியாகச் சொல்லுங்கள்: எல்லோரும் இறங்கினாலும் நீ கரையிலே நில், யாராவது தத்தளித்தால் கையை நீட்டாதே, துப்பட்டாவையோ கயிற்றையோ கொம்பையோ வீசு, கத்திக் கூப்பிடு.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டு, காம்ப் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. போன நாட்களின் பாடத்தை அந்த வாரக் கடைசிக்குள் சிநேகிதி நோட்டைப் பார்த்து எழுதி முடிக்க வேண்டும் என்று மட்டும் வீட்டில் ஒரு நிபந்தனை வையுங்கள். எழுதாவிட்டால் அடுத்த சீட்டில் கையெழுத்து கிடையாது. என் அனுபவத்தில் இந்த நிபந்தனையை மீறிய பெண்கள் ரொம்பக் குறைவு!

திரும்பி வரும் நாளில் பஸ் தாமதமாகத்தான் வரும். எட்டு மணி என்றால் ஒன்பதரை ஆகும். பள்ளி வாசலில் இறக்கிவிடுவார்களா, பஸ் ஸ்டாண்டிலா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு டார்ச்சோடு யாராவது போய் நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர், சூடாக ரசம் சாதம், தூக்கம். கேள்விகளை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பையை மட்டும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஈரத் துணி ஒரு ராத்திரி மூட்டைக்குள் கிடந்தால் கரும்புள்ளி விழும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. கான்வாஸ் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். இரண்டு தடவை காகிதத்தை மாற்றினால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அதையே போட்டுக்கொண்டு போகலாம்.